ட்ரோனுக்கு மனு கொடுத்த அக்கா

அரசாங்க வாடை அடிக்கிற எதைப் பார்த்தாலும் அந்த அக்காவுக்குக் கை சும்மா இருக்காது. மனு கொடுத்தே தீர வேண்டும். கரண்ட் ரீடிங் எடுக்க வருகிறவர், கொசு மருந்து அடிக்கிறவர், வாக்காளர் பட்டியல் சரிபார்க்க வருகிற டீச்சர், ஊத்துக்கோட்டை பஸ்ஸின் கண்டக்டர் என்று யாரையும் அவர் வெறுங்கையோடு அனுப்பியதில்லை. கொசு மருந்துக்காரரிடம் கொடுத்த மனுவில் கொசுவைப் பற்றி ஒரு வரிகூடக் கிடையாது. தெருவில் மழைத் தண்ணீர் தேங்கி நிற்பதைப் பற்றித்தான் இருந்தது. கண்டக்டரிடம் கொடுத்ததும் அதே மனுதான்.

“அவரு இத்த எடுத்துகினு எங்க போவாரு யக்கா?” என்று ஒருமுறை கேட்டேன்.

“அவருக்கு மேல ஒருத்தர் இருப்பாருல்ல நைனா? அவருக்கு மேல இன்னொருத்தர். குடுத்து வைப்போம், எங்கியாவது போய்ச் சேரும்” என்றார்.

அவர் பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதினால், “எம்பேரு கெடக்குது, எந்தத் தெருன்னு போட்டியா?” என்றுதான் கேட்பார்.

அப்போது நான் ட்ரோன் ஓட்டிக்கொண்டிருந்தேன். ஓட்டுவது என்று சொன்னால் எங்கள் சூப்பர்வைசருக்குக் கோபம் வரும். பைலட் என்று சொல்ல வேண்டும். கும்மிடிப்பூண்டிக்கும் தேர்வாய் கண்டிகைக்கும் இடையே தொழிற்சாலைகள் பெருகி, ஆட்கள் பெருகி, வீடுகள் கண்டபடி முளைத்துவிட்டதால், எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்தி ஸ்மார்ட் நகரமாக்கப் போகிறோம் என்று ஒரு திட்டம் வந்திருந்தது. முதல் வேலை, வானத்திலிருந்து படம் எடுப்பது. எடுத்த படங்களைக் கம்ப்யூட்டர் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே வரைபடமாக்கும். இது வீடு, இது சாலை, இது மரம், இது குளம் என்று அதுவே நிறமும் பூசிவிடும். எங்கே சாலை போடுவது, எங்கே சாக்கடை வெட்டுவது என்பதெல்லாம் அந்த வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு பெரியவர்கள் முடிவு செய்வார்கள். படம் எடுத்து, அதில் வேண்டாததைத் துடைத்து அனுப்புவதோடு எங்கள் வேலை முடிந்தது. ஆளும் அதிகமில்லை. சூப்பர்வைசர், நான், ஒரு வேன்.

கவரைப்பேட்டையிலிருந்து உள்ளே போகிற சாலையில், கம்பெனி பஸ்கள் திரும்புகிற முனையில் அக்காவின் நாஷ்டா கடை இருந்தது. கடை என்றால் அவர் வீட்டு வாசல்தான். ஷிப்ட் முடிந்து வருகிறவர்களும் ஷிப்டுக்குப் போகிறவர்களும் நின்றபடியே இட்லியும் வடகறியும் சாப்பிட்டுப் போவார்கள். பின்னால் இருந்த மாடி வீடு அந்த இட்லியில் எழும்பியதுதான். அவர் வீட்டுக்காரர் ஒரு கம்பெனியில் வாட்ச்மேன். பேச வேண்டியதையெல்லாம் மனைவியிடம் ஒப்படைத்துவிட்டு நிம்மதியாக இருந்த மனுஷன்.

பேட்டரி மாற்றுவதற்காகக் கடைக்கு எதிரே இருந்த காலி மனையில் ட்ரோனை இறக்கினேன். எங்கள் பக்கத்தில் ட்ரோன் என்றால் கல்யாண வீடியோதான். அதனால் தெருவே கூடிவிட்டது. பெண்கள் தலையைச் சரிசெய்துகொண்டு நின்றார்கள். ஒருவர் மாப்பிள்ளை யார் என்று விசாரித்தார். அக்கா கரண்டியும் கையுமாக வந்தார்.

“இது கவர்மென்ட்டுதா?”

“கவர்மென்ட்டு வேலைதான் யக்கா.”

அவ்வளவுதான். கரண்டியை என்னிடம் கொடுத்தார். உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் கவரோடு வந்தார். தரையில் நின்ற ட்ரோனுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, இரண்டு கையையும் கூப்பி, “ஐயா வணக்கம்” என்று ஆரம்பித்தார்.

சூப்பர்வைசர் பதறிப்போனார். “அம்மா, அதுக்குக் காது கிடையாதும்மா.”

“காது இல்லாங்காட்டி போவுது. கண்ணு கீதுல்ல?” என்று மனுவை விரித்துக் கேமராவுக்கு நேராகப் பிடித்தார். சிறிது நேரம் கழித்து என்னைத் திரும்பிப் பார்த்து, “படிச்சிடுச்சா?” என்றார். படித்துவிட்டது என்று தலையாட்டினேன். அவர் பக்கத்தைத் திருப்பினார்.

அந்தத் தெருவின் கஷ்டம் என்னவென்று மனுவைப் படிக்காமலே தெரியும். லாரிகள் போவதற்காக முன்னால் இருந்த சாலையை ஒரு காலத்தில் மேடாக்கியிருக்கிறார்கள். அப்போது சாலைக்கு அடியில் மழைத் தண்ணீர் வெளியேறுவதற்காக இருந்த குழாய் மண்ணில் அடைபட்டுப் போனது. மழை பெய்தால் சுற்று வட்டாரத் தண்ணீரெல்லாம் தெருவுக்குள் வந்துவிடும். வந்த தண்ணீர் போக வழி கிடையாது. கார்த்திகையில் நிற்பது மாசி வரைக்கும் நிற்கும். குழாயைத் தோண்டித் திறந்துவிட்டால் தீர்ந்தது. அதற்குத்தான் அத்தனை மனுவும்.

அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போனாலே எங்களுக்கு நாஷ்டா அங்கேதான். சாப்பிடும்போதுதான் அக்கா விஷயத்துக்கு வருவார். அதிலும் அவருக்கு ஒரு கணக்கு உண்டு. நிற்கிற ஆளிடம் மனு கொடுத்தால் நகர்ந்து போய்விடுவானாம். வாயில் வடை இருக்கும்போது கொடுத்தால் இல்லை என்று சொல்ல வராதாம்.

“ஸ்மார்ட்டு சிட்டின்னு சொல்லிகினு சுத்தறீங்களே, அது இன்னா நைனா?” என்று கேட்டார்.

எனக்குத் தெரிந்ததைப் பெருமையாகச் சொன்னேன். “எல்லாம் தானா நடக்கும் யக்கா. ரோட்டுல ஆள் வந்தா லைட்டு தானா எரியும். குப்பத்தொட்டி ரொம்பிச்சின்னா, அதுவே ஆபீசுக்குத் தகவல் சொல்லிடும்.”

“தொட்டி சொல்லுமா?”

“சொல்லும்.”

“சொன்னா வந்து அள்ளிடுவாங்களா?”

“உடனே வந்துடுவாங்க.”

அக்கா சட்னி வாளியைக் கலக்கினார். “இத்தினி வருஷமா நாங்க சொல்லினு கீறோம், எவன் வந்தான்? தொட்டி சொன்னா வருவாங்களாமா. ஏன் நைனா, அந்தத் தொட்டிகிட்டயே ஒரு மனு குடுத்து வச்சா இன்னா?”

சூப்பர்வைசருக்குப் புரையேறியது. அக்கா சிரிக்கவில்லை. தொட்டி எப்போது வரும் என்று விசாரித்தார்.

தரையில் இறங்கினால்தான் மனுவைப் படிக்க முடியும் என்பது அவருக்கு ஒரு குறையாகவே இருந்தது. பறக்கும்போது என்ன தெரியும் என்று துருவித் துருவிக் கேட்டார். ஆள் தலை தெரியும், எழுத்து தெரிய வேண்டுமானால் ஆள் உயரத்துக்கு இருக்க வேண்டும் என்று விளையாட்டாகச் சொல்லித் தொலைத்தேன். அடுத்த முறை பறக்கவிட்டபோது திரையில் அவர் வீட்டு மொட்டைமாடி முழுக்க வெள்ளையாகத் தெரிந்தது. கோலமாவில் மனு எழுதியிருந்தார்.

மனு என்றால் முறைப்படி எழுத வேண்டும் அல்லவா? முதலில் அனுப்புநர். அதன் கீழே பெயர், வீட்டுக்காரர் பெயர், கதவு எண். அப்புறம் பெறுநர். அதன் கீழே, உயர்திரு ஐயா அவர்கள். ஒவ்வொரு எழுத்தும் ஆள் உயரம். அந்த மட்டோடு மாடி தீர்ந்துபோயிற்று. விஷயத்துக்கு இடமில்லை. அக்கா அசரவில்லை. பக்கத்து வீட்டு மாடியில் ஏறிவிட்டார். பக்கத்து வீட்டுக்காரர் பழவேற்காட்டிலிருந்து வந்து கம்பெனியில் லோடு ஏற்றுகிற வேலை பார்த்தவர். மீன்பிடிக் குடும்பத்துக்காரர், தமாஷான ஆள். அவர் மாடியில் ‘பொருள்’ என்று போட்டு முடித்ததோடு கோலமாவு தீர்ந்துவிட்டது. காற்று வேறு அடித்தது. எங்கள் படத்தில் கடைசியாகத் தெரிந்தது ‘ஐயா’ என்ற சொல்லும், பக்கத்து மாடியில் ‘ள்’ மேலிருந்த புள்ளியும்தான்.

“ஐயான்னு கூப்பிட்டது தெரிஞ்சிதுல்ல? போதும். கூப்பிட்டா திரும்பிப் பாப்பாங்க” என்றார். சுருக்கமாக எழுதியிருக்கலாமே, ‘தண்ணீர்’ என்று மட்டும் போட்டிருக்கலாமே என்றேன். மரியாதை இல்லாமல் எழுதினால் எவன் படிப்பான் என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

அப்புறம் மழை வந்தது. விட்டு விட்டுப் பெய்து, ஒருநாள் காலையில் வெறித்தது. தெருவில் முழங்காலுக்குத் தண்ணீர். ஈரம் காயட்டும், வேறு ஊரை முடித்துவிட்டு வரலாம் என்று சூப்பர்வைசர் வேனைத் திருப்பச் சொன்னார். அக்கா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரை விலக்கி நடந்து வந்து வேனுக்கு முன்னால் நின்றார்.

“இன்னிக்கே எடு சாரு.”

“தண்ணி நிக்குதேம்மா.”

“அதுக்குத்தான் சொல்றேன். வத்தினப்புறம் வந்து எடுத்தா எவன் நம்புவான்? அந்தம்மா சும்மா பேஜாரு பண்ணுதுன்னுதான் சொல்லுவான். இன்னிக்கி எடு. மொத்தமும் வுழணும் படத்துல.”

சூப்பர்வைசர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அக்கா ஒரு தட்டில் சுடச்சுட வடை கொண்டுவரச் சொல்லி வீட்டுக்காரரைப் பார்த்துக் குரல் கொடுத்தார். வடை வந்தது. சூப்பர்வைசர் வாயில் ஒன்று போனதும் விவகாரம் முடிந்துவிட்டது. அன்றைக்குத்தான் அந்தப் பகுதியைப் படம் எடுத்தோம். ட்ரோன் தலைக்கு மேல் போனபோது தெருவாசிகள் எல்லோரும் தண்ணீருக்குள் இறங்கி நின்று, எவ்வளவு ஆழம் என்று காட்டுவதற்காகக் கையால் முழங்காலைத் தொட்டுத் தொட்டுக் காண்பித்தார்கள். காலிக் குடங்களைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தும் சிலர் நின்றார்கள். தண்ணீர் வரவில்லை என்றால்தான் காலிக் குடம் தூக்குவது வழக்கம். தண்ணீர் போகவில்லை என்பதற்கு எதைத் தூக்குவதென்று யாருக்கும் தெரியவில்லை.

மாதிரி வரைபடம் தயாரானதும் ஊராட்சி அலுவலகத்தில் மாட்டினார்கள். பொதுமக்கள் பார்த்துக் கருத்துச் சொல்லலாம் என்று ஆட்டோவில் மைக் கட்டி அறிவித்தார்கள். அக்காதான் முதல் ஆள். தெருக்காரர்களும் பின்னாலேயே வந்தார்கள். நானும் போயிருந்தேன். சுவர் முழுக்க வரைபடம். வீடுகள் மஞ்சள், சாலைகள் சாம்பல், வயல்கள் பச்சை. அக்கா விரலை வைத்து பஸ் திரும்புகிற முனையைக் கண்டுபிடித்து, அங்கிருந்து தன் தெருவுக்கு நகர்ந்தார். தெரு நீலமாக இருந்தது. பளிச்சென்ற நீலம்.

“தெரியுது பாரு! தண்ணி தெரியுது பாரு!” என்று கத்தினார். “சொன்னேனே, எவனாவது நம்புனானா? மிஷினு நம்பிடுச்சு.” பக்கத்து வீட்டுக்காரர் தோளில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். அக்காவின் கண் கலங்கியிருந்தது. அவ்வளவு சந்தோஷமாக ஒருவர் வரைபடம் பார்த்து நான் கண்டதில்லை.

விளக்கம் சொல்வதற்காக அங்கே ஒரு பொறியாளர் உட்கார்ந்திருந்தார். வெளியூர்க்காரர், ரொம்பப் பணிவானவர். “அம்மா, நீலம்னா நீர்நிலைங்க” என்றார். “குளம், ஏரி மாதிரி. அங்க நல்லா டெவலப் பண்ணப்போறோம். சுத்தி நடைபாதை, பெஞ்சு, படகு விடறதுக்கு ஒரு இடம்.”

“படகுன்னா என் மச்சான் பழவேற்காட்ல வச்சினு கீறான். எடுத்தாறட்டா?” என்றார் பக்கத்து வீட்டுக்காரர். எல்லோரும் சிரித்தார்கள்.

“ரெண்டு பக்கமும் இந்தச் செவப்புக் கோடு இன்னா சார்?” என்று அக்கா கேட்டார்.

“அது நீர்நிலைக்குள்ள இருக்கற கட்டடங்கம்மா. ஆக்கிரமிப்பு. திட்டம் முடிவானதும் எடுத்துடுவாங்க.”

சிரிப்பு நின்றுவிட்டது. சிவப்புக் கோடு அக்காவின் வீட்டில் ஆரம்பித்து, பக்கத்து வீட்டைத் தாண்டி, தெருமுனை வரைக்கும் போய், எதிர்ப்பக்கமாகத் திரும்பி வந்தது. கம்ப்யூட்டர் மேல் குற்றமில்லை. தெருவென்று சொல்ல அதற்கு ஒரு அடையாளமும் கிடைக்கவில்லை. நீளமாகத் தண்ணீர், இரு கரையிலும் வீடு. ஏரி என்று முடிவு கட்டிவிட்டது. எல்லோரிடமும் பட்டா இருந்தது. ஆனால் நீர்நிலை என்று ஒருமுறை எழுதிவிட்டால் அதை அழிப்பது எவ்வளவு பாடு என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும்.

“உம் மனு எங்க ஊட்டையே முழுங்கிடுச்சே யக்கா” என்றார் பக்கத்து வீட்டுக்காரர். தமாஷ் பேசுகிற வாயிலிருந்து அது வந்ததுதான் கொடுமை. அக்கா வரைபடத்தின் மேல் வைத்த விரலை எடுக்க மறந்து நின்றுகொண்டிருந்தார்.

மறுநாள் கடை திறக்கவில்லை. அதற்கு மறுநாளும் திறக்கவில்லை. தெருவில் யாரும் அவரோடு பேசுவதில்லை என்று கேள்விப்பட்டுப் பார்க்கப் போனேன். வாசற்படியில் உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நான் பொய்யி சொல்லலியே நைனா. தண்ணி நிக்குதுன்னுதான சொன்னேன்?”

“ஆமா யக்கா.”

“நெசத்தத்தான மிஷினும் சொல்லிச்சு?”

“ஆமா யக்கா.”

“அப்புறம் எதுக்கு ஊடு போவுது?”

நானும் அதே படியில் உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்துவிட்டு வந்தேன்.

கருத்துக் கேட்புக் கூட்டத்தை ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்தார்கள். மேடையில் மணமக்கள் உட்காருகிற சிம்மாசன நாற்காலியை ஓரமாகத் தள்ளிவிட்டு, மேஜை போட்டுப் பெரிய அதிகாரி ஒருவர் உட்கார்ந்திருந்தார். படம் எடுத்தவர்கள் என்ற முறையில் எங்களையும் வரச் சொல்லியிருந்தார்கள். ஒருவர் பூங்கா வேண்டும் என்றார். ஒருவர் கோயிலைத் தள்ளிக் காட்டியிருக்கிறது என்று சண்டை பிடித்தார். அக்காவின் முறை வந்தது. கையில் ஒன்றுமில்லை. மனு இல்லாத அக்காவை அன்றைக்குத்தான் நான் பார்த்தேன். எனக்குப் பயமாகிவிட்டது.

மைக்கைப் பிடித்து, “ஐயா, ஏரிய ஆக்கிரமிச்சவங்கள காலி பண்ணுவீங்களாமே?” என்றார்.

“ஆமாம்மா. சட்டம் அப்படி.”

“நல்லதுங்க. தெருவ ஆக்கிரமிச்சா?”

“அதையும் காலி பண்ணுவோம்.”

“யாரா இருந்தாலும்?”

“யாரா இருந்தாலும்.”

“ரொம்ப வருஷமா கீறாங்கய்யா. யார் சொல்லியும் கேக்கல. பட்டா கெடையாது, வீட்டு வரி கட்டல, ஊட்டுக்குள்ள பூந்து அரிசி மூட்டையக்கூட விட்டு வைக்கிறதில்ல.”

அதிகாரி நிமிர்ந்து உட்கார்ந்தார். பக்கத்திலிருந்தவர் பேனாவைத் திறந்தார். “பயப்படாம பேரைச் சொல்லுங்க.”

“தண்ணிங்க. அதுதான் எங்க தெருவ ஆக்கிரமிச்சினு கீது. நாங்க ஏரிக்குள்ள போய் ஊடு கட்டலய்யா. ஏரிதான் எங்க ஊட்டாண்ட வந்து குந்திக்கினு கீது. அத்த காலி பண்ணுங்க.”

மண்டபமே சிரித்தது. முதலில் சிரித்தது பக்கத்து வீட்டுக்காரர்தான். அதிகாரியும் சிரித்துவிட்டு, எங்கள் சூப்பர்வைசரைப் பார்த்து, என்றைக்கு எடுத்த படம் என்று கேட்டார். மழை விட்ட அன்றைக்கு என்று சூப்பர்வைசர் முனகினார். தெரு காய்ந்த பிறகு மறுபடியும் எடுங்கள் என்றார் அதிகாரி. மாசிக்கு முன்னால் காயாது, வரைபடமோ பொங்கலுக்குள் முடிவாக வேண்டும் என்றார் சூப்பர்வைசர்.

“காயலேன்னா காய வைங்க. தண்ணி ஏன் நிக்குது?”

“குழாய் அடச்சிக்கிச்சு!” என்று தெருவே ஒரே குரலில் சொன்னது.

ட்ரோன் படம் எடுப்பதற்கு இடையூறாக உள்ள தண்ணீரை உடனடியாக அகற்ற வேண்டும் என்று உத்தரவு போனது. அந்த வாரமே ஜேசிபி வந்து சாலையோரத்தைத் தோண்டியது. மண்ணை அள்ளிப் போட்டதும் குழாய் வாய் திறந்து தண்ணீர் இரைச்சலோடு ஓடத் தொடங்கியது. ஜனங்கள் கரையில் நின்று விசில் அடித்தார்கள். எந்தெந்த வருஷமோ காணாமல் போன ஒற்றைச் செருப்புகளும், ஒரு சைக்கிள் பம்பும், அக்காவின் குழிக் கரண்டியும் சேற்றில் கிடைத்தன.

“எங்க காலு வழுக்குதுன்னு சொன்னப்போ ஒருத்தனும் வரல. மிஷினுக்குத் தரை தெரியலன்னதும் ஓடியாறானுங்க” என்றார் அக்கா. கோபமாகத்தான் சொன்னார். ஆனால் ஜேசிபி டிரைவருக்கு வடகறி கூடுதலாக ஊற்றினார்.

தெரு நன்றாகக் காய்ந்த பிறகு மறுபடியும் போனோம். தெருவாசிகள் தலை சீவி, நல்ல துணி உடுத்தி, மாடிகளில் வரிசையாக நின்றார்கள். அக்காவை மட்டும் காணோம். ட்ரோனைத் தெருவுக்கு மேல் கொண்டுபோனேன். திரையில் தெருவின் நட்டநடுவே நீளமாக ஏதோ தெரிந்தது. பெரிதாக்கிப் பார்த்தேன். நாடாக் கட்டில். அதில் அக்கா மல்லாந்து படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். பட்டப்பகல். ட்ரோன் தலைக்கு மேல் வந்து இரைந்தபோதும் கண் திறக்கவில்லை.

எழுப்பி ஓரமாகப் போகச் சொல்லலாமா என்று சூப்பர்வைசர் கேட்டார். அக்காவின் வீட்டுக்காரர் குறுக்கே வந்து நின்றார். அவர் குரலை நான் ஒழுங்காகக் கேட்டதே அன்றைக்குத்தான்.

“வேணாம் சார். மழக்காலம் வந்தா அவ தூங்கறதில்ல. தண்ணி எத்தினி படி ஏறுச்சுன்னு பாத்துகினே குந்தினு இருப்பா. கட்டிக்கினு வந்த நாள்லருந்து அப்டிதான். இப்பதான் தூங்கறா. வுட்ருங்க.”

சூப்பர்வைசர் ஓரமாக ஒதுங்கி நின்றார். கேமராவை அமுக்கினேன். கம்ப்யூட்டர் தெருவுக்குச் சாம்பல் நிறம் பூசியது. வீடுகளுக்கு மஞ்சள் பூசியது. சிவப்புக் கோட்டைக் காணோம். கட்டிலை என்னவென்று தெரியாமல், நின்றுகொண்டிருக்கும் வாகனம் என்று குறித்தது. தெருவில் தேவையில்லாமல் தெரிகிறவற்றை அழித்துச் சுத்தப்படுத்தித்தான் வரைபடத்தை அனுப்புவது எங்கள் வழக்கம். சாலையில் படுத்திருந்த மாடுகளை அழித்தோம். தண்ணீர் லாரியை அழித்தோம். அக்காவிடம் வந்தபோது சூப்பர்வைசர் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

வரைபடம் அப்படியே போய்ச் சேர்ந்தது. பெரியவர்கள் அதற்கு ஒப்புதலும் கொடுத்துவிட்டார்கள். வரப்போகிற அந்த நகரத்தின் வரைபடத்தில், நல்ல காய்ந்த தெரு ஒன்றின் நடுவே, அக்கா இன்னும் தூங்கிக்கொண்டுதான் இருக்கிறார்.